பெர்சியஸ் கதையை வைத்து லத்தீன் தொடங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

லத்தீன் இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் முதல் வாரத்திலேயே அட்டவணைகள் வரிசைகட்டி நிற்கும். பாதிப் பேர் அங்கேயே மூடிவைத்துவிடுகிறார்கள். மீதிப் பேரில் சிலர், கிரேக்க ரோமானியப் புராணக் கதைகள் வழியாகப் படிக்கலாமே என்று வருகிறார்கள். நல்ல வழிதான். கதை தெரிந்திருந்தால் சொற்கள் சீக்கிரம் ஒட்டும்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கதை தெரிந்தவர் விகுதியைப் பார்ப்பதே இல்லை. பெண், பூதம், பயம் என்று மூன்று சொல் புரிந்ததும், யார் யாருக்குப் பயந்தது என்று மனமே முடிவுகட்டிவிடுகிறது. லத்தீனில் அதைச் சொல்லவேண்டியது சொல்லின் கடைசி அசை. அதைப் பார்க்காமல் ஐம்பது பக்கம் படித்தாலும் லத்தீன் வராது, கதைதான் வரும். அதனால் கீழே உள்ள வரிசையில் ஊகத்தை உடைக்கிற பயிற்சிகளை ஆங்காங்கே வைத்திருக்கிறேன். மற்றதில் அவசரப்பட்டாலும் அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு இலக்கணப் புத்தகம், ஒரு அகராதி. அவ்வளவுதான்.

இலக்கணப் புத்தகம் ஒன்றே ஒன்று போதும், இரண்டு வேண்டாம். பிரிட்டனில் அச்சான புத்தகங்கள் வேற்றுமைகளை நாமினேட்டிவ், வொகேட்டிவ், அக்யூசேட்டிவ், ஜெனிட்டிவ், டேட்டிவ், அப்லேட்டிவ் என்று அடுக்கும். அமெரிக்கப் புத்தகங்களில் நாமினேட்டிவை அடுத்து ஜெனிட்டிவ் வரும், அக்யூசேட்டிவ் நான்காவது இடத்துக்குப் போய்விடும். இரண்டையும் மாற்றி மாற்றி மனப்பாடம் செய்தவர்கள் எது எங்கே என்று தெரியாமல் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அகராதிக்கு ஆரம்பத்தில் விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பே போதும். லத்தீன் சொல்லைத் தேடினால் நெடில் குறியும் முழு அட்டவணையும் அதிலேயே கிடைக்கும். 1879-இல் வந்த லூயிஸ்-ஷார்ட் பெரிய அகராதியும் இலவசம்தான். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் 'பெர்சியஸ் டிஜிட்டல் லைப்ரரி'யில் இருக்கிறது. நம் கதாநாயகன் பெயரிலேயே நூலகம்! ஆனால் அதை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் போதும். இப்போது திறந்தால் ஒரு சொல்லுக்கு இரண்டு பக்க விளக்கம் வந்து மிரட்டும்.

தானியங்கி மொழிபெயர்ப்பை மட்டும் தொடவேண்டாம். அது விடையைத் தரும்; எந்த விகுதியால் அந்த விடை வந்தது என்று தராது.

இந்தக் கட்டுரையில் லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், ஒலிக்காக மட்டும். உங்கள் நோட்டில் ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். நம் எழுத்தில் வல்லினத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் ஒரே வடிவம். லத்தீனில் அவை வேறு வேறு எழுத்து. இங்கே லத்தீன் சொல்லில் ட வந்தால் 'பந்து'வில் வருகிற மெலிந்த த என்று படியுங்கள்.

2. கதையைத் தமிழில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள்

லத்தீனைத் தொடும் முன் இது முடிந்திருக்க வேண்டும். டிராய் போரை எடுக்காதீர்கள், பெயர்க் கூட்டம் தாங்காது. ஹெர்குலிஸுக்குப் பன்னிரண்டு வேலை, நீளம். பெர்சியஸ் கதை அளவானது. பாத்திரங்கள் குறைவு. பெண், ராணி, மகள், பூதம், பெட்டி, தண்ணீர் என்று அடிக்கடி வரும் சொற்கள் எல்லாம் லத்தீனின் மிக எளிய பெயர்ச்சொல் குழுவில் இருப்பவை.

கதைச் சுருக்கம் இதுதான். ஆர்கோஸ் நகர அரசன் அக்ரிசியஸ். மகள் வயிற்றுப் பேரன் கையால் சாவு என்று குறிசொல்லிவிடுகிறார்கள். மகள் டனாயியை அடைத்துவைக்கிறான். தேவர்களின் தலைவர் ஜூபிடர் பொன்மழையாக உள்ளே வருகிறார், பெர்சியஸ் பிறக்கிறான். தாயையும் குழந்தையையும் பெட்டியில் வைத்துக் கடலில் விட, பெட்டி செரிஃபோஸ் தீவில் ஒதுங்குகிறது. பிள்ளை வளர்ந்ததும் அத்தீவின் அரசன் பாலிடெக்டிஸ், பாம்புக் கூந்தல் கொண்ட மெதூசாவின் தலையைக் கொண்டுவா என்று அனுப்புகிறான். அவளை நேரே பார்த்தால் கல்லாகிவிடுவோம். பெர்சியஸ் பிம்பத்தை மட்டும் பார்த்தபடி தலையை வெட்டுகிறான். திரும்பும் வழியில், தாய் காசியோப்பியா அழகைப் பற்றிப் பீற்றிக்கொண்டதற்குத் தண்டனையாகப் பாறையில் கட்டப்பட்ட ஆண்ட்ரோமிடாவைக் காண்கிறான். கடல் கடவுள் நெப்டியூன் அனுப்பிய கடல்பூதத்தைக் கொன்று அவளை மணக்கிறான்.

இதை ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை என்று உடையுங்கள். 'பெட்டியில் வைத்துக் கடலில் விட்டான்' என்பது இரண்டு வாக்கியம். தமிழில் வினையெச்சம் போட்டு ஒரு மூச்சில் கோத்துக்கொண்டே போகலாம். அந்தப் பழக்கத்தோடு லத்தீனுக்குப் போனால் முதல் நாளே சிக்கல். கோக்கும் வேலை கடைசியில்தான்.

ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள். லத்தீனிலும் நம்மைப் போலவே பெயருக்கு முன்னால் ஒட்டும் ஆங்கில ஆர்ட்டிகிள் கிடையாது, வினை பெரும்பாலும் கடைசியில் வரும், எழுவாயை விட்டுவிடலாம். நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தால் இந்த மூன்று சலுகையும் போய்விடும்.

3. குறில் நெடிலை முதல் நாளே பிடியுங்கள்

இந்தப் படியில் தமிழருக்கு யோகம். அ, இ, உ மட்டுமல்ல, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் நமக்குப் பழக்கம். லத்தீனுக்கும் அதே ஐந்து இணைதான். 'வெனித்' என்றால் வருகிறான், 'வேனித்' என்றால் வந்தான். 'புவெல்ல' என்றால் பெண் (எழுவாய்), 'புவெல்லா' என்றால் அப்லேட்டிவ் வேற்றுமை. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். பாடப்புத்தகங்கள் நெடிலுக்கு மேலே கோடு போடும். அந்தக் கோட்டை நோட்டில் விடாமல் போடுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் இறந்தகாலம் வரும்போது எல்லாச் சொல்லையும் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

தேவாலயத்தில் பழைய லத்தீன் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே 'சேலும்' என்று கேட்ட சொல்லைப் (வானம்) பழைய ரோமானிய உச்சரிப்பில் 'கய்லும்' என்பார்கள். இரண்டும் சரி, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் இங்கே ரோமானிய உச்சரிப்பை வைத்திருக்கிறேன், எழுத்துக்கு ஒரே ஒலி என்பதால்.

4. இரண்டே இரண்டு வேற்றுமையோடு ஆரம்பியுங்கள்

முழு அட்டவணை இப்போது வேண்டாம். நாமினேட்டிவ், அதாவது எழுவாய். அக்யூசேட்டிவ், அதாவது நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ'. கதையில் யாரோ யாரையோ எதையோ செய்துகொண்டே இருப்பதால் இந்த இரண்டை வைத்தே பாதிக் கதை ஓடும்.

முதல் குழுப் பெயர்ச்சொல்லில் எழுவாய் 'அ' என்று முடியும், அக்யூசேட்டிவ் 'அம்' என்று முடியும்:

அன்ட்ரொமெட எஸ்த் புவெல்ல. ஆண்ட்ரோமிடா ஒரு பெண்.
ரேகீன ஃபீலியம் அமத். ராணி மகளை நேசிக்கிறாள்.
பேலுவ புவெல்லம் விடெத். பூதம் பெண்ணைப் பார்க்கிறது.
புவெல்ல பேலுவம் திமெத். பெண் பூதத்துக்குப் பயப்படுகிறாள்.

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தமிழில் 'பூதத்துக்கு' என்று நான்காம் வேற்றுமை வருகிறது. அதை அப்படியே லத்தீனில் டேட்டிவாக்கி 'பேலுவய் திமெத்' என்று எழுதுபவர்கள் நிறைய. இலக்கணப்படி அது தவறான வாக்கியமே இல்லை, அதுதான் ஆபத்து. அதற்குப் பொருள், 'பூதத்துக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறாள்'. பாறையில் கட்டப்பட்ட பெண் பூதத்தின் நலனுக்காகக் கவலைப்படுவதாக ஆகிவிடும்.

இன்னொரு தமிழ்ப் பழக்கம், உயிரற்ற பொருளுக்கு 'ஐ' போடாமல் விடுவது. 'வாள் எடுத்தான்' என்றாலே நமக்குப் போதும். லத்தீனில் வாளுக்கும் விகுதி கட்டாயம். 'க்லடியுஸ்' என்பது 'க்லடியும்' ஆகியே தீர வேண்டும்.

மூன்றாவது, 'எஸ்த்' வரும் வாக்கியத்தில் இரண்டாவது பெயருக்கும் எழுவாய் விகுதிதான். 'அன்ட்ரொமெட எஸ்த் புவெல்லம்' என்று எழுதாதீர்கள். அங்கே யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை.

5. கதையைத் தலைகீழாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

இந்த வாக்கியத்தைப் படியுங்கள்: 'புவெல்லம் பேலுவ திமெத்.' கதை தெரிந்தவர்கள் பத்துக்கு எட்டுப் பேராவது 'பெண் பூதத்துக்குப் பயப்படுகிறாள்' என்றுதான் சொல்வார்கள். தப்பு. 'அம்' பெண்ணிடம் இருக்கிறது, எழுவாய் பூதம். பூதம்தான் பெண்ணுக்குப் பயப்படுகிறது.

இப்படிப் பொய்க்கதை வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள். பெண் பூதத்தைக் கொல்லட்டும் ('பேலுவம் புவெல்ல நெகத்'). மெதூசா, பெர்சியஸுக்கு உதவும் தெய்வமான மினர்வாவைப் பார்க்கட்டும். சொல் வரிசையையும் கலைத்துப் போடுங்கள். உண்மைக் கதை வாக்கியங்களோடு கலந்து ஒரு பக்கம் எழுதி, மறுநாள் எடுத்து, எது உண்மை எது பொய் என்று குறியுங்கள். எழுதிய உடனே செய்தால் நினைவிலிருந்து சொல்லிவிடுவீர்கள், பயனில்லை.

தடுமாறினால் சொல்லின் முன்பகுதியை விரலால் மறைத்து விகுதியை மட்டும் படியுங்கள்: அம், அ, அத். யார் செய்தார், யாரை என்பது அந்த மூன்று அசையிலேயே இருக்கிறது. பெயர் யாருடையது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் தடங்கல் இல்லாமல் வந்த பிறகுதான் அடுத்த படி.

6. சொற்களைக் காட்சி காட்சியாகச் சேருங்கள்

அகரவரிசையிலோ இலக்கணக் குழு வாரியாகவோ பட்டியல் போட்டால் அடுத்தடுத்த சொற்கள் ஒரே மாதிரி ஒலித்துக் குழப்பும். காட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெட்டிக் காட்சிக்கு 'அர்க' (பெட்டி), 'அக்வ' (தண்ணீர்), 'மாதெர்' (தாய்), 'மரெ' (கடல்). மெதூசா காட்சிக்கு 'கபுத்' (தலை), 'ஸெர்பேன்ஸ்' (பாம்பு), 'ஒகுலுஸ்' (கண்), 'ஸ்பெகுலும்' (கண்ணாடி). கடற்கரைக்கு 'ஓர' (கரை), 'ஸக்ஸும்' (பாறை), 'பேலுவ' (பூதம்), 'ரேக்ஸ்' (அரசன்).

பெயர்ச்சொல்லை ஒற்றைச் சொல்லாக எழுதவே கூடாது. எழுவாய், ஜெனிட்டிவ் ('உடைய' வேற்றுமை), பால் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். 'ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால்'. 'கபுத், கபிதிஸ், நியூட்டர்' (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாவது பால்). ஏனென்றால் மற்ற வேற்றுமைகள் எல்லாம் ஜெனிட்டிவின் அடியிலிருந்தே கிளம்பும். 'ரேக்ஸ்' மட்டும் தெரிந்தவருக்கு 'ரேகெம்' வந்தால் வேறு சொல் போலத் தோன்றும்.

7. பால்: தமிழ் இங்கே கைகொடுக்காது

நமக்கு மனிதருக்குத்தான் ஆண்பால், பெண்பால். லத்தீனில் வாள் ஆண்பால், பெட்டி பெண்பால், பாறை நியூட்டர். காரணம் கேட்காமல் சொல்லோடு சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது பெயரடையில்தான் வேலையைக் காட்டும். நமக்கு 'பெரிய' எங்கே வந்தாலும் 'பெரிய'தான். லத்தீனில் 'மக்னுஸ் க்லடியுஸ்', 'மக்ன பேலுவ', 'மக்னும் ஸக்ஸும்'. இவை எதுகை மாதிரி ஒலிப்பதால், கடைசி ஒலி ஒன்றாக இருந்தால் சரி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 'நவுத' (மாலுமி) முதல் குழுவில் இருந்தாலும் ஆண்பால். 'மக்னுஸ் நவுத' என்பதே சரி. பெரிய தாய் 'மக்ன மாதெர்', பெரிய தலை 'மக்னும் கபுத்'. பால், எண், வேற்றுமை மூன்றும் பொருந்த வேண்டும். ஒலி பொருந்தத் தேவையில்லை.

நியூட்டர் பெயர்களுக்கு எழுவாயும் அக்யூசேட்டிவும் ஒரே வடிவம். பன்மை 'அ' என்று முடியும். 'ஸக்ஸ' என்பது பாறைகள். அதைப் பார்த்ததும் 'புவெல்ல' மாதிரி ஒருமைப் பெண்பால் என்று எடுத்துக்கொள்வது அநேகமாக எல்லாரும் விழும் குழி. பால் எழுதாத சொல் பட்டியல் வைத்திருப்பவர்கள் தப்பவே முடியாது.

8. வினை: ஒரு வினையை ஆறு வாயில் பேசவிடுங்கள்

'திமெயோ, திமேஸ், திமெத், திமேமுஸ், திமேதிஸ், திமென்த்.' பயப்படுகிறேன், பயப்படுகிறாய், பயப்படுகிறான், பயப்படுகிறோம், பயப்படுகிறீர்கள், பயப்படுகிறார்கள். நம் வினை போலவே விகுதியில் ஆள் இருப்பதால் இது சீக்கிரம் வரும். அட்டவணையாக ஒப்பிக்காமல் பாத்திரங்களைப் பேசவிடுங்கள். ஆண்ட்ரோமிடா 'பேலுவம் திமெயோ' என்கிறாள். பெர்சியஸ் 'பேலுவம் நோன் திமெயோ' என்கிறான்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். 'திமெத்' என்பதில் ஆன், ஆள், அது என்ற பிரிவு இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒன்றே. எழுவாய் இல்லாத வாக்கியம் வந்தால் முந்தைய வாக்கியத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், மரியாதைப் பன்மை கிடையாது. அரசனானாலும் கடவுளானாலும் ஒருமைதான். ஜூபிடரிடம் பேசும்போது கூச்சப்பட்டு 'திமேதிஸ்' போட்டால், பல ஜூபிடர்கள் வந்துவிடுவார்கள்.

வினைக்கு நான்கு குழு. எது எந்தக் குழு என்பது 'அமாரெ, திமேரெ, மித்தெரெ, அவுடீரெ' போன்ற செயவென் வடிவத்தில் ('நேசிக்க', 'பயப்பட' மாதிரி) தெரியும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் ஏ-யும் எ-யும்தான். மூன்றாம் படியில் போட்ட கோடு இங்கே உதவும்.

9. மேலும் மூன்று வேற்றுமை

ஜெனிட்டிவ் 'உடைய'. 'கபுத் மெடூஸய்', மெதூசாவின் தலை. நமக்கு உடையவர் முன்னால் வருவார்; லத்தீனில் பெரும்பாலும் பின்னால். வரிசையை நம்பி 'தலையின் மெதூசா' என்று படிப்பவர்கள் உண்டு.

டேட்டிவ் 'கு'. 'மினெர்வ பெர்ஸெயோ ஸ்பெகுலும் டத்', மினர்வா பெர்சியஸுக்குக் கண்ணாடி தருகிறாள். கொடுப்பது, சொல்வது, காட்டுவது எல்லாவற்றுக்கும் நம் 'கு' அப்படியே பொருந்தும். 'எனக்கு ஒரு மகன் இருக்கிறான்' என்ற அமைப்புகூட லத்தீனில் டேட்டிவில் இருக்கிறது. ஆனால் 'தீவுக்கு வருகிறான்' என்பதில் மட்டும் பொருந்தாது. போய்ச் சேரும் இடத்துக்கு 'அட்' என்ற முன்சொல்லும் அக்யூசேட்டிவும் வேண்டும்: 'அட் ஈன்ஸுலம் வெனித்'.

அப்லேட்டிவ்தான் பெரிய தலைவலி. நம் ஆல், ஓடு, இல், இருந்து நான்கும் அதில் அடங்கும். அதனால் ஒரே நாளில் படிக்காமல், காட்சி வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டிக் காட்சிக்கு 'இல்'லும் 'ஓடு'வும்: 'டனயே கும் ஃபீலியோ இன் அர்கா எஸ்த்', டனாயி மகனோடு பெட்டியில் இருக்கிறாள். கடற்கரைச் சண்டைக்கு 'ஆல்': 'பெர்ஸெயுஸ் பேலுவம் க்லடியோ நெகத்', வாளால் கொல்கிறான். கருவிக்கு முன்சொல் கிடையாது. 'கும் க்லடியோ' என்றால் வாள் ஏதோ துணைக்கு வந்த ஆள் மாதிரி ஆகிவிடும்.

'இன்' இரண்டு வேற்றுமையோடும் வரும். 'இன் அக்வா' தண்ணீரில். 'இன் அக்வம்' தண்ணீருக்குள். பெட்டியைத் தூக்கிப் போடும்போது 'அம்', மிதக்கும்போது 'ஆ'.

ஒரு விகுதிக்குப் பல வேலை இருப்பதையும் இங்கேதான் பார்ப்பீர்கள். 'புவெல்லய்' என்பது பெண்ணுடைய, பெண்ணுக்கு, பெண்கள் மூன்றாகவும் இருக்கலாம். வினையை முதலில் பாருங்கள். பன்மை வினை என்றால் பெரும்பாலும் பெண்கள். கொடுக்கும் வினை என்றால் பெரும்பாலும் பெண்ணுக்கு. பக்கத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு பெயர் இருந்தால் பெண்ணுடைய.

10. மூன்றாம் குழுவும் கிரேக்கப் பெயர்களும்

'ரேக்ஸ், ரேகெம், ரேகிஸ், ரேகீ, ரேகெ.' ஜெனிட்டிவைச் சேர்த்துப் படித்தவர்களுக்கு இது ஒரு மாலை வேலை. ஜூபிடரிடம் மட்டும் உஷார். எழுவாயில் 'யுப்பிதெர்', மற்ற வேற்றுமையில் 'யொவெம், யொவிஸ், யொவீ, யொவெ'. இரண்டு தனித்தனிக் கடவுள் என்று நினைத்துக் கதையையே குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புராணம் வழியாகப் படிப்பதில் உள்ள இன்னொரு சங்கடம் பெயர்கள். பாதிப் பெயர் கிரேக்கம். அவை கிரேக்க விகுதியையும் கூட்டிக்கொண்டே லத்தீனுக்குள் வந்திருக்கின்றன. டனாயியின் அக்யூசேட்டிவ் 'டனயேன்'. பெர்சியஸுக்கு 'பெர்ஸெயும்' உண்டு, கவிதையில் 'பெர்ஸெய' என்றும் வரும். பார்த்தால் முதல் குழுப் பெண்பால் எழுவாய் மாதிரியே இருக்கும். அதனால் விகுதிப் பயிற்சியைப் பெயர்களில் செய்யாதீர்கள். அரசன், பெண், மகன், பூதம் என்ற பொதுச் சொற்களில் செய்யுங்கள்.

11. கதையை இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள்

புதிதாக எதுவும் எழுதவேண்டாம். இதுவரை எழுதிய நிகழ்கால வாக்கியங்களையே மாற்றுங்கள், சொற்கள் தெரிந்தவை என்பதால் கவனம் முழுக்க வினையில் இருக்கும்.

லத்தீனில் இறந்தகாலம் இரண்டு முக்கியம். நடந்துகொண்டிருந்தது இம்பெர்ஃபெக்ட், நடந்து முடிந்தது பெர்ஃபெக்ட். 'புவெல்ல ஃப்லேபத், பெர்ஸெயுஸ் வேனித்.' பெண் அழுதுகொண்டிருந்தாள், பெர்சியஸ் வந்தான். பின்னணிக்கு முதலாவது, நிகழ்ச்சிக்கு இரண்டாவது. தமிழில் 'அழுதாள்' என்றே சொல்லிப் பழகியவர்கள் எல்லாவற்றையும் பெர்ஃபெக்டில் போடுகிறார்கள். 'கொண்டிருந்தாள்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், பொருந்தினால் இம்பெர்ஃபெக்ட்.

பெர்ஃபெக்டின் அடிச்சொல் கணிக்க முடியாதது. 'டத்' (தருகிறான்) 'டெடித்' (தந்தான்) ஆகும். 'மித்தித்' (அனுப்புகிறான்) 'மீஸித்' (அனுப்பினான்) ஆகும். அகராதி ஒவ்வொரு வினைக்கும் நான்கு வடிவம் கொடுப்பது இதற்காகத்தான். நான்கையும் எழுதுங்கள்.

12. தன்னுடைய, அவனுடைய, அப்புறம் பெயரெச்சம்

'கேஃபெயுஸ் ஃபீலியம் ஸுவம் அமத்', ஆண்ட்ரோமிடாவின் தந்தையான அரசன் செஃபியஸ் தன் மகளை நேசிக்கிறார். 'பெர்ஸெயுஸ் ஃபீலியம் எய்யுஸ் அமத்', பெர்சியஸ் அவருடைய மகளை நேசிக்கிறான். ஆங்கிலம் வழிப் படிப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இது; நமக்கு 'தன்' இருப்பதால் கேள்வியே எழாது. ஒரு பிழை மட்டும் வரும். உடையவர் ஆண் என்று 'ஸுவும்' போட்டுவிடுவார்கள். விகுதி மகளைப் பார்த்து வரவேண்டும், அப்பாவைப் பார்த்து அல்ல.

பெயரெச்சம் அப்படி இல்லை, நேரம் எடுக்கும். 'பூதத்துக்குப் பயப்படுகிற பெண்', 'பெண் பயப்படுகிற பூதம்' இரண்டிலும் நமக்கு 'பயப்படுகிற' மாறவே இல்லை. லத்தீனில் பெயரெச்சத்தின் இந்த வேலையை ஒரு தனிச் சொல் செய்யும், அது பெயருக்குப் பின்னால் வரும்:

பெர்ஸெயுஸ் புவெல்லம் விடெத் க்வய் பேலுவம் திமெத்.
பெர்ஸெயுஸ் பேலுவம் நெகத் க்வம் புவெல்ல திமெத்.

முதல் வாக்கியத்தில் 'புவெல்லம்' அக்யூசேட்டிவ், ஆனால் 'க்வய்' நாமினேட்டிவ். ஏன்? பாலையும் எண்ணையும் முன்னால் உள்ள பெயரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். வேற்றுமையைத் தன் சொந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறதோ அதிலிருந்து எடுக்கும். பயப்படுவது பெண், அதனால் எழுவாய். இரண்டாவதில் பயத்துக்குக் காரணம் பூதம், அதனால் 'க்வம்'. குழம்பினால் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்: 'பெர்சியஸ் பெண்ணைப் பார்க்கிறான். அவள் பூதத்துக்குப் பயப்படுகிறாள்.' அந்த 'அவள்' எந்த வேற்றுமையோ அதுதான் விடை. இந்த வெட்டும் வேலை பெரிய பாடங்களுக்குப் போனபிறகும் தேவைப்படும்.

13. முதல் உண்மையான பாடம்

செயப்பாட்டு வினையை மட்டும் முடித்துவிட்டுப் போங்கள். 'பேலுவ ஆ பெர்ஸெயோ க்லடியோ நெகாதுர்', பூதம் பெர்சியஸால் வாளால் கொல்லப்படுகிறது. நமக்கு இரண்டும் 'ஆல்'. லத்தீனில் ஆளுக்கு 'ஆ' என்ற முன்சொல் வேண்டும், கருவிக்கு வேண்டாம்.

அடுத்து, ஃபிரான்சிஸ் ரிச்சி மாணவர்களுக்காகத் தொகுத்த 'ஃபாபுலய் ஃபகிலேஸ்' என்ற வாசிப்பு நூல். பெர்சியஸ், ஹெர்குலிஸ், ஆர்கோ கப்பல் வீரர்கள், யூலிசிஸ் என நான்கு கதை. முதல் கதையே நம்முடையது. காப்புரிமை முடிந்தது, குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் வரியிலேயே செயப்பாட்டு வினை வரும் என்பதால்தான் அதை முன்கூட்டி முடிக்கச் சொன்னேன்.

அதன்பின் ரோமானிய எழுத்தாளர் ஹைஜைனஸின் உரைநடைக் கதைத் தொகுப்பில் 63, 64-ஆம் பகுதிகள். மிகச் சிறியவை. ஆனால் அவர் சொல்லும் கதை நீங்கள் அறிந்த கதை அல்ல. அவரிடம் பாலிடெக்டிஸ் வில்லன் இல்லை; டனாயியை மணந்து, பெர்சியஸை மினர்வாவின் கோயிலில் வளர்க்கிறான். ஊகித்துப் படிப்பவர்கள் இங்கே கையும் களவுமாக மாட்டுவார்கள். விகுதி ஒன்று சொல்லி, உங்கள் நினைவு இன்னொன்று சொன்னால், விகுதி பக்கம் நில்லுங்கள்.

ரோமானியக் கவிஞர் ஓவிடின் 'மெட்டமார்ஃபசிஸ்' காவியத்தை உடனே எடுக்க ஆசை வரும். மொத்தம் 15 பாகத்தில் நான்காம் பாகத்தின் கடைசியிலும் ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்திலும் பெர்சியஸ் வருகிறான். ஆனால் அது செய்யுள். பெயரடை ஒரு மூலையிலும் அதன் பெயர் வரியின் மறுமூலையிலும் இருக்கும், நடுவில் வேறொரு இணை புகுந்திருக்கும். ஹைஜைனஸ் சரளமாக வந்தபின் எடுங்கள். பக்கத்தை அச்செடுத்து, முதலில் வினைகளைக் கோடிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பெயரடையையும் அதன் பெயரோடு பென்சில் வளைவால் இணையுங்கள். இணை கிடைக்காத சொல் எஞ்சினால் அகராதியில் அதன் பாலை மறுபடி பாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம்.